எட்டு ஓட்டைப் பெட்டி

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு இருபது. மேஜைக்கு அடியில் மண்டியிட்டு உட்கார்ந்து, அவள் அந்தப் பெட்டியை முறைத்துக்கொண்டிருந்தாள்.

உள்ளங்கை அகலம்தான் இருக்கும். சாம்பல் நிறப் பிளாஸ்டிக். முகத்தில் எட்டு ஓட்டைகள். அதில் ஆறில் கேபிள் செருகியிருந்தது. ஒவ்வொரு ஓட்டைக்கும் மேலே கடுகளவு பச்சை விளக்கு. ஆறு விளக்கும் ஒரே நேரத்தில், ஒரே வேகத்தில், பேய் பிடித்த மாதிரி துடித்துக்கொண்டிருந்தன. கம்ப்யூட்டரில் மட்டும் ஒன்றும் வரவில்லை.

"எவ்வளவு சுறுசுறுப்பா இருக்கு, ஒரு வேலையும் நடக்கல. எங்க பழைய ஆபீஸ் மாதிரியே இருக்கு" என்றாள்.

"இன்னும் மூணு மணி நாப்பது நிமிஷம்" என்று அடுத்த அறையிலிருந்து நாத்தனார் குரல் கொடுத்தார். காலையிலிருந்து அரைமணிக்கு ஒருதரம் இப்படித்தான். கேட்காமலே மணி சொல்லும் கடிகாரத்தை யாராவது கண்டுபிடித்திருந்தால், அதற்கு மாதிரி நாத்தனாராகத்தான் இருக்க வேண்டும்.

ஆறு மணிக்குச் செய்தி. ஒரு மணி நேர நேரலை. வாசிப்பவர் பேசப் பேச அவள் டைப் அடிக்க வேண்டும். அடித்ததை அடுத்த அறையில் நாத்தனார் இரண்டே நொடியில் திருத்தி அனுப்ப வேண்டும். காது கேளாதவர்களுக்காக அது டி.வி. திரையின் அடியில் எழுத்தாக ஓடும். இந்த வேலையைக் கொடுப்பதற்கு முன்னால் டி.வி. நிலையம் ஐந்து நாள் சோதனை வைத்திருந்தது. நிபந்தனை இரண்டே இரண்டு. கம்பியில்லா இணைப்பு கூடவே கூடாது, எல்லாம் கேபிளில்தான் வர வேண்டும். ஐந்து நாளில் மூன்று தடங்கல் வந்தால் கும்பிடு போட்டுவிடுவார்கள்.

புதன்கிழமை ஒன்று ஆகிவிட்டது. நேற்று இன்னொன்று.

இன்று மூன்றாவதும் வந்தால், திங்கட்கிழமை காலை அவள் பழைய இன்ஷூரன்ஸ் கம்பெனியின் டைப்பிங் செக்ஷனில் போய் உட்கார வேண்டும். சம்பளமில்லாத லீவு இன்றோடு முடிகிறது. அந்த செக்ஷனில் பதினோரு வருஷமாக அவளுக்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பெயர். பாராட்டி வைத்த பெயர் இல்லை. மற்றவர்கள் அடிக்க வேண்டிய காகிதக் கட்டும் கடைசியில் அவள் மேஜைக்கே வந்து சேரும். கேட்டால், 'எக்ஸ்பிரஸ்தானே, முடிச்சிடும்' என்று சொல்லிவிட்டு சூப்பர்வைசர் காபி குடிக்கப் போய்விடுவார்.

அந்த சூப்பர்வைசர் காலையில் போன் செய்திருந்தார். ராத்திரிக்குள் முடிவு சொல்ல வேண்டுமாம், ஏழே காலுக்கு அவரே கூப்பிடுவாராம். வரும் பட்சத்தில் ஒரு சின்ன மாற்றம்தானாம், அவளுடைய நாற்காலியை பாத்ரூம் கதவுப் பக்கமாகத் தள்ளிப் போட்டிருக்கிறார்களாம். "வேற ஒண்ணுமில்லம்மா, காத்தோட்டமா இருக்கும்" என்றார்.

இத்தனைக்கும் காரணம் ஒரு பெட்டி.

வீட்டுக்கு வரும் இன்டர்நெட் லைன் ஒரு மோடத்தில் முடிகிறது. அந்த மோடத்துக்கு ஒரே ஓட்டை. அவள் கம்ப்யூட்டர், நாத்தனார் கம்ப்யூட்டர், பிரிண்டர் எல்லாவற்றுக்கும் அதிலிருந்து பங்கு போட்டுத்தர ஒரு ஹப் வேண்டும். பழைய ஹப்புக்கு ஐந்து ஓட்டைகள். மோடம், அவள், நாத்தனார், பிரிண்டர் என்று நாலு போக, ஐந்தாவதில் ஒரு உபரி கேபிளைச் செருகி வைத்திருந்தார்கள், என்றாவது மூன்றாவதாக ஒரு ஆளை வேலைக்கு வைத்தால் உதவுமென்று. அது புதன்கிழமை மாலை ஆறு நாற்பதுக்கு, மந்திரி ஒருவர் பேச வாயைத் திறந்த நேரம் பார்த்து, லேசான கருகல் வாசனையோடு கண்ணை மூடியது. மந்திரி பேசினார். திரையில் ஒரு எழுத்தும் வரவில்லை.

வியாழக்கிழமை காலை புதுப் பெட்டி வாங்கக் கணவனும் அவளும் சேர்ந்தே போனார்கள். அதுதான் முதல் தப்பு.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். இருபது வருஷ சர்வீஸ். ஒயர் என்று வந்துவிட்டால் தெய்வமே வந்தாலும் ஓரமாக நிற்கச் சொல்கிற ஆள். கடைக்காரர் ஐந்து ஓட்டைப் பெட்டியையும் எட்டு ஓட்டைப் பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒரு சாப்பாட்டுச் செலவுகூட வித்தியாசம் இல்லை. அவள் ஐந்தே போதும் என்றாள். இருப்பதே நாலு மெஷின். கணவன் எட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நாளைக்கு ஆள் போட்டால் என்ன செய்வாய், மறுநாள் கேமரா வைத்தால் என்ன செய்வாய் என்று கேட்டான். அவள் பதில் யோசிப்பதற்குள், "இருக்கட்டுமே" என்று முடித்துவிட்டான். அந்த வீட்டில் தேவையில்லாத சாமான்கள் அத்தனையும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிக்கொண்டுதான் உள்ளே நுழைந்திருந்தன.

மாட்டியதும் அவனேதான். அதற்கும் ஒரு முறை வைத்திருந்தான், லிஃப்ட் வேலையில் படிந்த முறை. எதையும் கழற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு ஒயரிலும் சின்னத் துண்டுச் சீட்டு ஒட்டி எண் போட வேண்டும். மாட்டும்போது அதே எண் அதே இடத்துக்குப் போக வேண்டும். ஒன்றுமுதல் ஐந்துவரை போட்டான். அப்புறம் மேஜைக் காலோரம் ஒரு கேபிள் முனை அநாதையாகத் தொங்குவது கண்ணில் பட்டது. லிஃப்ட் உச்சியில் தொங்குகிற ஒயர் என்றால் ஆள் காலி. தொங்கவிட்டுவிட்டு வருகிறவன் மெக்கானிக்கே இல்லை. அவன் அதற்கும் ஆறு என்று சீட்டு ஒட்டினான். பழைய பெட்டியில்தான் அதற்கு இடமில்லை, இதில் மூன்று ஓட்டைகள் சும்மா கிடந்தன. செருகினான். பார்க்க ரொம்ப லட்சணமாக இருந்தது.

அந்த நிமிஷத்திலிருந்து எதுவும் ஓடவில்லை.

நேற்று மாலை வேறு வழியில்லாமல் அவள் தன் கம்ப்யூட்டரை நேராக மோடத்தில் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். நாத்தனாருக்கு லைன் இல்லை. வாசற்படியில் நின்றுகொண்டு டி.வி.யைப் பார்த்துத் திருத்தங்களைச் சத்தமாகச் சொன்னார். காதில் விழுவதை எல்லாம் அடிப்பதற்கே பழகிய விரல்கள் அதையும் அடித்துவிட்டன. வானிலை அறிக்கைக்கு நடுவே, 'கடலோரப் பகுதிகளில் பலத்த காற்று, ஐயோ முற்றுப்புள்ளி வைம்மா' என்று நாடு முழுக்க ஓடியது. டி.வி. நிலையத்தின் கண்ட்ரோல் ரூமிலிருந்து அடுத்த நிமிஷமே போன் வந்தது. அங்கிருந்த ஆள் எதையும் நீட்டிப் பேசுகிறவர் இல்லை. "ரெண்டு" என்றார். வைத்துவிட்டார்.

ஆகவே வெள்ளிக்கிழமை மதியம் இரண்டே முக்கால் மணிக்கு, சாம்பல் பெட்டியை அதன் அட்டையோடு பையில் போட்டுக்கொண்டு அவள் மட்டும் கடைக்கு ஓடினாள்.

கடை என்பது ஒரு படிக்கட்டுக்கு அடியில் இருந்த பொந்து. மேலிருந்து கேபிள் சுருள்கள் தொங்கின. கடைக்காரர் ஒரு தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டே இரண்டு பேருக்கு வியாபாரம் பார்த்தார். அவள் சொன்னதைக் கேட்டார். பெட்டியை வாங்கித் தன் பெஞ்சில் இரண்டு மெஷினுக்கு நடுவே மாட்டினார். விளக்குகள் நிதானமாக, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல், குடும்பப் பெண்கள் கண் சிமிட்டுவதைப்போல் அடக்கமாகச் சிமிட்டின. இரண்டு மெஷினும் ஒன்றோடொன்று பேசின.

"ஓடுதே" என்றார்.

"எங்க வீட்டுல ஓடல."

"இங்க ஓடுதே."

"நான் இங்க குடியிருக்கலையே."

அவர் போனைத் தோளிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார். எல்லா கேபிளையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தீர்களா என்று கேட்டார். அவள் அங்கிருந்தே கணவனுக்கு போன் போட்டாள். அரை நாள் லீவு போட்டுவிட்டு வீட்டில் டெஸ்டரோடு உட்கார்ந்திருந்தான் அவன். ஒவ்வொரு கேபிள் முனையையும் தனித்தனியாக டெஸ்டரில் வைத்துப் பார்த்துவிட்டானாம், எல்லாம் பவுனாம், பெட்டிதான் சொத்தையாம். ஒவ்வொன்றாகச் செருகிப் பார்க்கும்படி கடைக்காரர் சொல்கிறார் என்றாள்.

"இருபது வருஷமா முப்பது மாடி லிஃப்ட்டுக்கு ஒயர் மாட்டுறேன். அவர எனக்கு ஒயர் செருகச் சொல்லித் தரச் சொல்றியா?"

அவள் அதைக் கடைக்காரருக்கு அப்படியே சொல்லவில்லை. பார்த்துவிட்டாராம் என்றாள்.

கடைக்காரர் பெருமூச்சு விட்டு, வேறு கம்பெனி தயாரித்த நீலப் பெட்டி ஒன்றை எடுத்து மாற்றிக் கொடுத்தார். எத்தனை ஓட்டை வேண்டும் என்று கேட்டார். அவளுக்கும் கை வந்த பழக்கம். எட்டு ஓட்டையைக் கழற்றி எட்டு ஓட்டையை மாட்டுவதுதானே முறை. எட்டே கொடுங்கள் என்றாள்.

மூன்று நாற்பதுக்கு வீடு. கணவன் நீலப் பெட்டியை மேஜைக்கு அடியில் வைத்தான். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து, ஆறு. ஒவ்வொரு சீட்டையும் வாய்விட்டு வாசித்து, ஒவ்வொரு முனையையும் அதனதன் இடத்தில் 'டிக்' என்று சத்தம் வர அழுத்தினான். ஒரு தப்பும் நேராத வேலை. போன பெட்டியில் என்ன இருந்ததோ, அது இம்மி பிசகாமல் இந்தப் பெட்டிக்கு வந்து சேர்ந்தது.

ஆறு விளக்கும் வெறி பிடித்துத் துடித்தன.

"இதுவும் சொத்தை" என்றான்.

"ரெண்டு கம்பெனியும் பேசி வச்சுக்கிட்டு நமக்குன்னு சொத்தையா செஞ்சாங்களா?"

"மலிவுன்னு போனா இப்படித்தான். நான் அப்பவே சொன்னேன்."

அவன் அப்போது எதுவும் சொல்லவில்லை. 'இருக்கட்டுமே' என்றுதான் சொன்னான். அதை எடுத்துச் சொல்ல அவள் வாயைத் திறந்தாள். "இன்னும் ரெண்டு மணி நேரம் பத்து நிமிஷம்" என்று அடுத்த அறை சொன்னது. அவள் வாயை மூடிக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

இந்த முறை கடைக்காரர் அவளைப் பார்த்ததும் போனை அணைத்தே விட்டார். நீலப் பெட்டியும் பெஞ்சில் ஓடியது. அவர் சத்தம் போடவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. அலமாரியின் மேல்தட்டிலிருந்து கறுப்பாக ஒரு இரும்புப் பெட்டியை இறக்கினார். இரும்பு உடம்பு, சூடு தாங்கும். மின்விசிறி கிடையாது, சத்தம் வராது. அடாப்டர் நல்ல தடிமன். வேகம் மற்றதைப் போல் பத்து மடங்கு. டைப் அடிக்க அவ்வளவு வேகம் எதற்கு என்று அவள் கேட்டதற்கு, எதற்குமே இல்லை, ஆனால் இதற்குமேல் தன்னிடம் வேறு பெட்டி இல்லை என்றார். கூடுதல் தொகையை வாங்கிக்கொண்டு, கல்லாவை மூடிவிட்டுச் சொன்னார்:

"அம்மா, கோவிச்சுக்காதீங்க. மூணு பெட்டியும் ஒரே மாதிரி கெட்டுப்போகாது. பெட்டிக்கு இந்தப் பக்கம் எதுவுமில்ல. அந்தப் பக்கம் பாருங்க."

அந்தப் பக்கம் என்றால் அவளுடைய வீடு. நாலரை மணி வெயிலில் நடக்கும்போது, அந்தப் பக்கம் யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தாள். வரிசையாக முகங்கள் வந்தன. இருவர்தான். இருவரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்.

ஐந்து மணிக்குக் கறுப்புப் பெட்டியும் மாட்டியாகிவிட்டது. ஒன்று முதல் ஆறுவரை, 'டிக்', 'டிக்'. பத்து மடங்கு வேகம் என்று கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. விளக்குகள் பத்து மடங்கு வேகத்தில் துடித்தன.

அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கோபம் போன இடத்தில் ஒரு வெறுமை. பாத்ரூம் கதவுப் பக்கத்து நாற்காலி கண்ணெதிரே வந்து நின்றது. கதவு ஒவ்வொரு தரம் திறக்கும்போதும் அடிக்கும் பினாயில் வாசனை, தோளுக்கு மேலிருந்து விழும் கட்டு, 'எக்ஸ்பிரஸ்தானே'. இன்னும் பதினேழு வருஷ சர்வீஸ் பாக்கி இருக்கிறது.

கணவன் மோடத்தைச் சந்தேகப்பட ஆரம்பித்திருந்தான். மோடம் கொடுத்த கம்பெனிக்கு போன் போட்டுக் காத்திருந்தான். போனில் இசை ஓடியது. நடுநடுவே ஒரு பெண் குரல், அவனுடைய அழைப்பு அவர்களுக்கு முக்கியமானது என்றது.

நாத்தனார் அப்போதுதான் எழுந்து வந்தார். முப்பது வருஷம் ஒரு பத்திரிகையில் புரூஃப் பார்த்தவர். இப்போதும் எதைப் படித்தாலும் வரிக்கு அடியில் ஒரு ஸ்கேலை வைத்துக்கொண்டுதான் படிப்பார். பால் கணக்குச் சீட்டானாலும் சரி, கல்யாணப் பத்திரிகையானாலும் சரி. அந்த ஸ்கேலோடு மேஜைக்கு அடியில் குனிந்தார். மூட்டு வலியால் முனகிக்கொண்டே பெட்டியின் விளக்கு வரிசைக்கு அடியில் ஸ்கேலை வைத்தார்.

"நம்மகிட்ட எத்தனை மெஷின்?"

"எதுக்குக்கா இப்ப?"

"எத்தனைன்னு சொல்லேன்."

மோடம், தன் கம்ப்யூட்டர், அவர் கம்ப்யூட்டர், பிரிண்டர் என்று அவள் விரல் விட்டு எண்ணினாள். நாலு.

"விளக்கு எத்தனை எரியுது?"

அவள் எண்ணினாள். திரும்பவும் எண்ணினாள்.

"நாலு பேருக்கு ஆறு தலையா?" என்றார் நாத்தனார். "யாருடா தம்பி அந்த ரெண்டு பேரு?"

கணவன் போனைக் காதிலிருந்து எடுக்காமலே, ஐந்தாவது உபரி கேபிள், மூன்றாவது ஆளுக்கானது என்றான். அந்த ஆள்தான் இன்னும் வரவில்லையே, ஆள் இல்லாத ஊருக்கு எப்படி விளக்கு எரிகிறது என்று கேட்டார் நாத்தனார். ஆறாவது எங்கே போகிறது என்று கேட்டார். தொங்கிக்கொண்டிருந்தது, செருகினேன் என்றான்.

ஐந்து என்று சீட்டு ஒட்டிய கேபிளை நாத்தனார் பிடித்துக்கொண்டார். ஆறை அவள் பிடித்துக்கொண்டாள். விரலுக்குள் நழுவவிட்டபடி இரண்டு பேரும் மேஜை ஓரமாகத் தவழ்ந்து போனார்கள், ஆளுக்கொரு பக்கமாக. இரண்டு கேபிளும் பீரோவுக்குப் பின்னால் போயின. அங்கே கணவனே கிளிப் அடித்து, சுருட்டிக் கட்டி, கண்ணுக்குத் தெரியாமல் அழகாக ஒளித்து வைத்திருந்த ஒரு சுருள். பீரோவின் இந்தப் பக்கமிருந்து அவளும் அந்தப் பக்கமிருந்து நாத்தனாரும் கையை நுழைத்துத் துழாவினார்கள்.

இருட்டில் இரண்டு கைகளும் முட்டிக்கொண்டன.

ஒரே கேபிள். ஐந்து அதன் தலை, ஆறு அதன் வால். பெட்டியிலிருந்து கிளம்பி, பீரோவைச் சுற்றிவிட்டு, அதே பெட்டிக்குள் திரும்ப நுழைந்திருந்தது. பெட்டி அனுப்பியதெல்லாம் பெட்டிக்கே திரும்பி வந்து, அதை அது மறுபடி எல்லோருக்கும் அனுப்பி, அதுவும் திரும்பி வந்து, இரண்டு நாளாக அந்தச் சின்ன டப்பா தன் குரலையே கேட்டுக் கேட்டுப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. மூன்று பெட்டிகளுமே நல்ல பெட்டிகள்தான். முதலில் கேட்ட ஐந்து ஓட்டைப் பெட்டியை வாங்கியிருந்தால் அந்த வாலைச் செருக இடமே இருந்திருக்காது.

அவள் ஆறைப் பிடுங்கினாள்.

விளக்குகள் ஒரு நொடி அணைந்து, நாலு மட்டும் ஒவ்வொன்றாக எழுந்து, அடக்கமாகச் சிமிட்ட ஆரம்பித்தன. அவள் கம்ப்யூட்டரில் நிலையத்தின் பக்கம் திறந்தது. அடுத்த அறையிலிருந்து நாத்தனாரின் மெஷின், லைன் வந்ததற்காக 'டிங்' என்றது.

ஐந்து இருபத்தைந்து.

அவள் கணவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் பேச வேண்டும், பேச ஆரம்பித்தால் ஆறு மணிக்குள் முடியாது. போனில் அந்தப் பெண் குரல் இன்னொரு தரம், அவனுடைய அழைப்பு முக்கியமானது என்றது. அணைத்தான்.

"ஒவ்வொண்ணா செருகிப் பாக்கச் சொன்னாரே, அப்ப பாத்திருந்தாலே..." என்று நாத்தனார் ஆரம்பித்தார்.

"அக்கா, இப்ப வேண்டாம்" என்றாள் அவள்.

சரியாக ஆறு மணிக்கு இசை முழங்கியது. வாசிப்பவர் வணக்கம் சொன்னார். விரல்கள் ஓடின. முதல் பத்து நிமிஷம் அவளுக்கு மூச்சு விட்டதே நினைவில்லை. பிறகு உடம்பு தன் போக்குக்கு வந்தது. காதில் விழுவது விரலில் இறங்கியது, திரையில் போனது, நாத்தனார் தொட்ட இடங்கள் கண்ணெதிரே நிமிர்ந்தன. கணவன் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான். கையில் அந்த ஆறாம் எண் முனை. அதைத் தொங்கவும் விட முடியாமல், செருகவும் முடியாமல், அடிபட்ட குருவியைப் பிடித்திருப்பதுபோல் பிடித்திருந்தான்.

ஆறு முப்பத்தொன்று. அவனுடைய போன் மடியில் அதிர்ந்தது.

ஏதோ கட்டிடத்தில் லிஃப்ட் பாதி மாடியில் நின்றுவிட்டது. உள்ளே இரண்டு பேர். அந்த லிஃப்ட்டின் ஒயர் வரைபடம் அவன் தலையில் மட்டும்தான் இருந்தது. லீவு என்று சொல்ல முடியாத விஷயம். ஓரக்கண்ணில் அவன் எழுவதை அவள் பார்த்தாள். எழுந்தவன் மறுபடி குனிந்தான். பெட்டிப் பக்கமாகக் கை நீண்டது.

அவளால் தடுக்க முடியாது. வாயைத் திறந்தால் காது போய்விடும், கையை எடுத்தால் வரி போய்விடும். வாசிப்பவர் விபத்தில் காயம் பட்டவர்களின் எண்ணிக்கையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் எண்களை அடித்தாள். அவன் கை இன்னும் பெட்டிக்கருகில்தான் இருந்தது. செருகிவிடுவானோ? தொங்கும் ஒயரை விட்டுவிட்டு அவன் எந்த நாளும் ஒரு இடத்தை விட்டுப் போனதில்லை. செருகினால் மூன்று. செருகாமல் கழற்றுகிறேன் என்று வேறு கேபிளைப் பிடுங்கினாலும் மூன்று.

அவன் சீட்டைப் பார்க்கவில்லை. கையிலிருந்த முனையிலிருந்து ஆரம்பித்து, கேபிளை விரலுக்குள் நழுவவிட்டபடி, பீரோ வரைக்கும் தவழ்ந்து போனான். பின்னால் கை நுழைத்தான். கிளிப்புகள் ஒவ்வொன்றாகத் தெறிக்கும் சத்தம் கேட்டது. சுருளோடு வெளியே இழுத்தான். அங்கிருந்து மறுபாதியை அதே மாதிரி விரலுக்குள் ஓட்டிக்கொண்டே, மேஜைக் காலைச் சுற்றிப் பெட்டியின் முகம்வரை வந்தான். நிறுத்தினான். கேபிளை லேசாக ஒருமுறை இழுத்தான். கையிலிருந்த சுருள் அசைந்தது. இன்னொரு முறை இழுத்தான். அசைந்தது.

பிடுங்கினான்.

நாலு விளக்கும் முன்போலவே சிமிட்டின. திரையில் வரி ஓடிக்கொண்டே இருந்தது. காயம் பட்டவர்கள் பதினெட்டு என்று அவள் அடித்திருந்ததை, பன்னிரண்டு என்று நாத்தனார் மாற்றினார். அது ஒன்றுதான் அந்த நிமிஷத்தில் நடந்த விபத்து.

கேபிளை முழுசாகச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு, முழங்காலைத் தட்டிவிட்டு, கதவைச் சத்தம் வராமல் சாத்திக்கொண்டு அவன் போய்விட்டான்.

ஏழு மணிக்கு இசை மறுபடி முழங்கியது. ஏழு மணி இரண்டு நிமிஷத்துக்கு கண்ட்ரோல் ரூமிலிருந்து போன்.

"ரெண்டு" என்றார் அந்த ஆள்.

"இன்னைக்கு ஒண்ணும் நிக்கலையே சார்."

"அதத்தாம்மா சொல்றேன். ரெண்டோட நின்னுடுச்சு. ஒரு வருஷத்துக்கு எழுதிக்கிறோம். திங்கட்கிழமை ஆறு மணிக்கு லைன்ல இருங்க." ஒரு விநாடி யோசித்தார். "நேத்து மாதிரி நடுவுல யாரும் ஐயோன்னு சொல்லாம பாத்துக்குங்க."

ஏழே கால்வரை காத்திருக்க அவளுக்குப் பொறுமை இல்லை. அவளே சூப்பர்வைசர் நம்பரை அழுத்தினாள். அவர் எடுத்ததும் எடுக்காததுமாக, திங்கட்கிழமைக்கு நிறைய கட்டு சேர்ந்திருக்கிறது, கொஞ்சம் சீக்கிரமே வந்துவிட வேண்டும் என்று ஆரம்பித்தார். அவள் முழுசாகப் பேசவிட்டாள். பதினோரு வருஷமாக அவர் சொல்வதைக் கடைசிவரை கேட்ட பழக்கம்.

"அந்த நாற்காலிய வேற யாருக்காவது குடுத்துடுங்க சார். நான் வரல."

"என்னம்மா திடீர்னு? அங்க அப்படி என்ன வசதி?"

சுற்றிப் பார்த்தாள். காலுக்கடியில் கறுப்புப் பெட்டியைப் பிரித்துப் போட்ட அட்டை. இழுத்த இழுப்பில் பீரோ சுவரை விட்டு ஒருச்சாய்ந்து நின்றது. சுவரில் கிளிப் பிடுங்கிய இடமெல்லாம் காரை உதிர்ந்திருந்தது.

"வசதி ஒண்ணும் இல்ல சார்" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

அடுத்த அறையில் பிரிண்டர் கரகரத்தது. அன்றைய செய்தியை முழுசாகத் தாளில் எடுத்துக்கொண்டு, சிவப்புப் பேனாவும் ஸ்கேலுமாக நாத்தனார் வாசலில் வந்து நின்றார். ஒரு வருஷத்துக்கு எழுதிக்கொண்டார்கள் என்று அவள் சொன்னாள். நாத்தனாரின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. உடனே கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தாளுக்குத் திரும்பிவிட்டார்.

"மொத்தம் நாப்பத்தோரு பிழை. ஆறரைக்கு மேல ஒரு பன்னெண்டு நிமிஷத்துல மட்டும் ஒன்பது. அந்த நேரத்துல உன் புத்தி எங்க போச்சு?"

"உங்க தம்பி கையில இருந்துச்சுக்கா."

"அவன்தான் சரியா பிடுங்கிட்டானே. நீ ஏன் தப்பா அடிச்ச?" நாத்தனார் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் வரிக்கு அடியில் ஸ்கேலை வைத்தார். "வா, ஒண்ணொண்ணா பாத்துடலாம். திங்கட்கிழமைக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்கு."

ஒரு வருஷம் என்றால் எத்தனை நாள் என்று அவள் மனசுக்குள் பெருக்கிப் பார்த்தாள். பிறகு நாற்காலியை நாத்தனார் பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டாள்.